உள்தாழ்ப்பாள்

"சும்மா நிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிற ஒரே வேலை உன் வேலைதான்" என்று அக்காவிடம் அவள் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். கிண்டல்தான். ஆனால் சரக்குக் கிடங்கில் நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்த மனிதர் சொல்லும்போது அவளால் சட்டென்று சண்டைக்கும் போக முடியாது. சொல்லி முடித்துக் காலை நீட்டினால் அடுத்த நிமிடமே குறட்டை. அவள்தான் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடப்பாள். மூட்டை தூக்கியவருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது, சும்மா நின்றவளுக்கு வருவதில்லை. இதை யாரிடம் சொல்லி முறையிடுவது?

வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளுடைய வேலை இதுதான். கை கால் சொன்னபடி கேட்காதவர்கள், பார்வை இல்லாதவர்கள், வீட்டிலோ காப்பக இல்லத்திலோ அடுத்தவர் கையை எதிர்பார்த்தே வளர்ந்தவர்கள், இனி நம் வீட்டில் நாமே இருப்போம் என்று கிளம்பும்போது அவர்களுக்குத் துணையாகப் போக வேண்டும். துணை என்றதும் சமைத்துப் போடுவது, துவைத்துப் போடுவது என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் சமைப்பார்கள், அவர்கள் துவைப்பார்கள். இவள் பக்கத்தில் நிற்பாள். பயிற்சி கொடுத்த அம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கோங்க. அவங்களா கேக்கற வரைக்கும் அவுக்காதீங்க."

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஒருவர் ஒரே ஒரு தக்காளியோடு மல்லுக்கட்டுவதை, அது கைநழுவி உருண்டு அலமாரிக்கு அடியில் போவதை, அவர் மண்டியிட்டுத் தேடி எடுத்துக் கழுவி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்று பாருங்கள். கை பரபரக்கும். நாக்கு நுனிவரை வார்த்தை வந்து நிற்கும். செய்து போட்டுவிட்டால் நொடியில் முடிந்துவிடும் வேலை. செய்யாமல் இருக்கத்தான் உயிர் போகிறது. இப்படி ஒரு வீடு முடிந்து, பஸ் பிடித்து, மாடிப்படி ஏறி, இன்னொரு வீடு. சாயங்காலம் வீடு திரும்பும்போது தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிறாற்போல் இருக்கும். பின்னால் கட்டிய கை வலிக்கும் என்றால் யார் நம்புகிறார்கள்?

காலையில் அவள் முதலில் போவது ஜட்ஜ் வீட்டுக்கு. அவர் கோர்ட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. எதைக் கேட்டாலும் மேலே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தீர்ப்புச் சொல்வதுபோல் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அதனால் இல்லத்தில் வைத்த பெயர். பிறக்கும்போதே வலது கையும் வலது காலும் முறுக்கிக்கொண்டன. பேச்சு இழுத்து இழுத்து வரும். முன்பின் தெரியாதவர்கள் புத்தியும் இழுவைதான் என்று நினைத்து, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவார்கள். அவர் மேலே பார்த்துக்கொண்டு பொறுத்திருப்பார். நாற்பதைத் தாண்டிய மனிதர்.

இளமை முழுவதும் இல்லத்திலேயே போய்விட்டது. அங்கே குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், கழுத்து வழியாக மாட்டுகிற பனியனை மாட்டிவிட்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, அன்பாகத்தான் செய்தார்கள். ஆனால் அங்கே எந்தக் கதவுக்கும் உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. குளியலறைக்கும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஆகவே தனி வீடு பார்க்கலாம் என்று பேச்சு வந்தபோது அவர் சமையலறை இருக்கிறதா, வெளிச்சம் வருகிறதா என்றெல்லாம் கேட்கவில்லை. மேலே பார்த்தார். "உள்ள தாழ்ப்பாள் இருக்கணும்" என்றார்.

கிடைத்தது தெருக்கோடியில் தரைத்தளத்தில் ஓர் அறை, ஒட்டினாற்போல் ஒரு சின்ன அடுக்களை. கதவில் தாழ்ப்பாள் இருந்தது. பழைய இரும்புத் தாழ்ப்பாள், துருப்பிடித்து இறுகிப்போய், நல்ல கை உள்ளவர்களையே ஒரு பாடு படுத்தும். ஜட்ஜின் இடது கையால் அதை அசைக்கக்கூட முடியவில்லை. கடைக்குப் போய் எண்ணெய் வாங்கினார், விட்டார், தினமும் தள்ளிப் பார்த்தார். அக்கா வேலை முடித்து வெளியே வந்ததும் பின்னால் அந்த இரும்பு கிரீச்சென்று பாதிவரை போகும், நிற்கும். பிறகு நாற்காலியை இழுக்கும் சத்தம். தாழ்ப்பாளுக்குப் பதில் நாற்காலிதான் கதவுக்கு முட்டு.

இந்தத் தாழ்ப்பாள்தான் அவருடைய தங்கைக்குத் தலைவலி. வீட்டு ஒப்பந்தம் அவள் பெயரில் இருந்தது. சில மாதம் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் என் வீட்டுப் பின்னறைக்கே வந்துவிட வேண்டும் என்று பேசித்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். பொல்லாதவள் இல்லை. அவர் இல்லத்துக்குப் போகும் முன், அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில், தான் சிறுமியாக இருந்தும் அண்ணனுக்குச் சோறு ஊட்டியவள். அவர் இருமினால் இவளுக்கு ஈரக்குலை நடுங்கும். "உள்ள விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? கதவ உடைக்கிறதுக்குள்ள என்ன ஆகும்?" என்பாள். ஒருநாள் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லித் தச்சரையே அனுப்பிவிட்டாள். ஜட்ஜ் கதவைத் திறக்கவில்லை. நாற்காலியை முட்டுக் கொடுத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தச்சர் வாசலில் நின்று வெற்றிலை போடாத குறையாகப் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஜட்ஜுக்கு இன்னொரு பிடிவாதம், சட்டை. பொத்தான் வைத்த சட்டைதான் போடுவார். பனியனைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். இடது கையால் மட்டும் பொத்தானைத் துளைக்குள் நுழைப்பதற்குள், பார்க்கிறவர்களுக்கு முடி நரைத்துவிடும். ஆரம்பத்தில் அக்கா ஒழுங்காகக் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். பிறகு ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கழுத்துப் பொத்தானை மட்டும் அவளே போட்டுவிட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இரண்டு பொத்தான். அப்புறம் முழுச் சட்டையும். தப்பு என்று தெரியும். ஆனால் உடம்பில் இருந்த அலுப்பு மனசாட்சியின் வாயைப் பொத்திவிட்டது. விறுவிறுவென்று போட்டுவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடுவாள். அவரும் அவள் கைக்கு வாகாக நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவார்.

அப்படியிருக்கும்போதுதான் தங்கையிடமிருந்து சேதி வந்தது. நாளைக் காலை வருகிறேன், அண்ணன் எழுந்து உடுத்தி, டீ போடுவதுவரை என் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வருவோம்.

சட்டையை அவர் கடைசியாகத் தானே போட்டது எப்போது என்பதே அக்காவுக்கு நினைவில்லை. நல்லது செய்கிறேன் என்று அந்த மனிதருடைய கையை நானே கட்டிப்போட்டுவிட்டேனே, இனி பின்னறைதான், என்று அன்று இரவு முழுக்கப் புரண்டாள். பக்கத்தில் குறட்டை அமர்க்களமாக நடந்தது.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் நின்றாள். ஜட்ஜ் குளித்து, கால்சட்டை போட்டு, சட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தான்கள் திறந்து கிடந்தன. பழக்க தோஷம், அவள் கை தானாக நீண்டது. அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"இன்னைக்கு வேணாம். நீங்க உக்காருங்க."

"நிக்கிறேன், பரவால்ல."

"உக்காருங்க" என்றார். தீர்ப்பு வந்துவிட்டது.

அந்த வீட்டில் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. கதவுக்கு முட்டுக் கொடுக்கிற அதே நாற்காலி. உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். அவர் முதல் பொத்தானைப் பிடித்தார். அது நழுவியது. மறுபடி பிடித்தார். நழுவியது. வெளியே தெருவில் யாரோ கடையின் இரும்புக் கதவைத் தூக்கினார்கள். அவளுக்குக் கண் எரிந்தது. ஒரு நொடி மூடித் திறப்போம் என்று மூடினாள்.

திறக்கவில்லை. எத்தனையோ நாளாகக் கடன் வைத்திருந்த தூக்கம் அத்தனையும் ஒரேயடியாக வந்து விழுந்தது.

அவளை எழுப்பியது தங்கையின் குரல். "நல்லா இருக்கு! துணைக்கு வந்தவங்க தூங்குறாங்க, நீ தனியா அடுப்பு முன்னாடி நிக்கிற! இவங்கள நம்பியா உன்ன இங்க விட்டேன்? இப்பவே ஆபீசுக்குப் போன் பண்றேன்."

விழித்தால் என்ன முகத்தோடு விழிப்பது? அக்கா கண்ணைத் திறக்காமல் நாற்காலியிலேயே கிடந்தாள். போச்சு, எல்லாம் போச்சு. தன் வேலையும் போச்சு, அவருடைய வீடும் போச்சு.

"சத்தம் போடாத" என்றார் ஜட்ஜ். "தூங்குறாங்க."

"அதத்தான் சொல்றேன், தூங்குறாங்க!"

"தூங்கட்டும். டீ ஆயிடுச்சு. கேஸ் மூடிட்டேன்."

பிறகு பாத்திரத்தின் வாய் கோப்பையில் டக்டக்கென்று மோதுகிற சத்தம். அக்கா ஒரு கண்ணை லேசாகத் திறந்தாள். ஜட்ஜ் இடது கையால் பாத்திரத்தைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பையில் பாதி, மேடையில் பாதி. தங்கை பாய்ந்து கையை நீட்டினாள்.

"கையக் கட்டு, பாப்பா" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

"சுட்டுக்கப் போற, அண்ணா!"

"சுட்டா சுடும். பின்னாடி கட்டு."

அவள் கட்டவில்லை. கை அந்தரத்திலேயே நின்றது. அவர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, பாத்திரத்தை வைத்துவிட்டு, மேலே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். இவரோடு யார் பொறுமையில் போட்டி போட முடியும்? கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள். கைகளைப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் மீதியை ஊற்றினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், கண்ணில் நீர் கட்டிவிட்டது. சும்மா நிற்பது எவ்வளவு பாரம் என்று தெரிந்த இன்னொரு ஆளை அக்கா அன்றுதான் பார்த்தாள்.

அதற்கு மேல் நடிக்க முடியாமல் எழுந்துவிட்டாள். "மன்னிச்சிடுங்கம்மா. கண்ணசந்துட்டேன். தப்பு என்மேலதான். அவர எதுவும் சொல்லாதீங்க."

தங்கை திரும்பிப் பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் ஜட்ஜ் கோப்பையை எடுத்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து வந்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டார். முதல் கோப்பை அவளுக்கு. அப்போதுதான் அக்கா அவர் சட்டையைக் கவனித்தாள். எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார். ஒன்று மட்டும் துளை மாறிப்போய், ஒரு பக்கக் காலர் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எப்படிப் போட்டீங்க?" என்றாள். "இத்தன நாளா நான்தான..."

அவர் மேலே பார்த்தார். இந்தத் தடவை தீர்ப்பு கொஞ்சம் நீளமாகவே வந்தது. "நீங்க போனதும் அவுத்துருவேன். திரும்பப் போடுவேன். தெனமும்."

"அப்போ எங்கிட்ட வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"ஓடிக்கிட்டே இருந்தீங்க. முகத்தப் பாத்தா பாவமா இருந்துச்சு."

அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இவர்களைப் பார்த்துப் பாவம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று பயிற்சி அம்மாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவள் சொன்னதில்லை. பாவம் பார்த்தவர் இவராக இருந்திருக்கிறார். தான் அவருக்கு உதவுகிறோம் என்று நினைத்த காலையெல்லாம், அவர் நெஞ்சை நிமிர்த்திக் காட்டி இவளுக்கு உதவியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. டீயைக் குடித்தாள். சர்க்கரை வாரிக் கொட்டியிருந்தது, நன்றாகவே இருந்தது.

தங்கையின் கண் அந்தக் கோணல் காலரிலேயே இருந்தது. கை இரண்டு தடவை அதை நோக்கிப் போய் இரண்டு தடவையும் திரும்பி வந்தது. கடைசியில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இருந்துக்கோ" என்றாள். "ஆனா ஒண்ணு. போன் பண்ணி நீ எடுக்கலன்னா கதவ உடைச்சிட்டு வந்துருவேன், சொல்லிட்டேன்."

"உடை. புதுக்கதவு நீ வாங்கித் தரணும்."

சிரித்துக்கொண்டே போனாள். தெருவில் இறங்கியதும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆபீசுக்குப் போன் போகவில்லை.

அக்கா கோப்பையைக் கழுவப் போனாள். அவர் வாங்கிக்கொண்டார். சரி என்று கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் சொன்னார்: "நாளைக்கு வராதீங்க."

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "தூங்கினதுக்கா? இனிமே அப்படி நடக்காது."

"இல்ல. எனக்கு வாரத்துல ரெண்டு நாள் போதும். ஆபீஸ்ல நானே சொல்றேன்." கொஞ்சம் மேலே பார்த்தார். "காலைல வீட்ல தூங்குங்க."

இந்த வேலையில் இதுதான் ஜெயிப்பது. யாருக்கும் மாலை போட மாட்டார்கள். நீ வர வேண்டாம் என்பார்கள், அவ்வளவுதான். தெரிந்ததுதான், ஆனாலும் செருப்பை மாட்ட நேரமாயிற்று. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். கதவு மூடியது.

பின்னால் இரும்பு கிரீச்சிட்டது. வழக்கம்போல் பாதியில் நின்றது. அவள் நாற்காலிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. மறுபடி கிரீச். நின்றது. உள்ளே மூச்சு வாங்குவது கேட்டது. மூடிய கதவுக்கு வெளியே யாரும் பார்க்காத இடத்தில் அவளுடைய கைகள் தாமாகவே பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. தெருமுனையில் அவளுடைய பஸ் வந்து நின்று போய்விட்டது. அவள் அசையவில்லை.

டக்கென்று தாழ்ப்பாள் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் கையை அவிழ்த்தாள்.