மச்சுக்குக் கண் வைத்த கதை

கூரையைப் பிரித்துவிட்டு ஓட்டு வீடு கட்டியபோது என் மாமியாரின் பெருமைக்கு அளவே இல்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில் அதுதான் முதல் ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே பலகை அடித்து மச்சு வேறு. ஐப்பசியில் பறிக்கும் கடலையில் விதைக்கு ஒதுக்குகிற மூட்டைகளை அடுத்த ஆடி வரை அங்கேதான் வைப்பது என்று முடிவாயிற்று.

ஓடு மேய்ந்து முடித்த கொத்தனார் வாசலில் நின்று, "ஆத்தா, வீட்டுக்கு இன்னும் கண்ணு வைக்கலையே. நாளைக்கு வந்து வச்சிடுறேன்" என்றார்.

மாமியாருக்கு வந்ததே கோபம்! "புது வீட்டுக்குக் கண்ணு வைக்கிறேன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்றியா? நல்லாருப்பியா நீ?" என்று விரட்டிவிட்டு, அன்றைக்கே வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினார். கொத்தனார் சொன்னது காற்றுப் போகிற துவாரத்தை. எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

பழைய கீற்றுக் கூரைக்குள் காற்று தானாகவே புகுந்து வரும். ஓடும் பலகையும் அப்படியா? சித்திரை வெயிலில் மச்சுப் பலகையில் கை வைக்க முடியவில்லை. நெல் அவிக்கிற ஆவியும் இடுக்கு வழியாக ஏறி அங்கேயே தங்கியது. ஆனியில் பத்துப் பருப்பை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்த்தோம். மூன்றுதான் முளைவிட்டன. விதைக்காகச் சொந்தக்காரர் வீடு வீடாக அலைந்து வந்த என் கணவர், "அடுத்த வருசமும் இப்படின்னா மெட்ராசுக்குப் போயி ஏதாச்சும் ஓட்டல்ல எச்சி எலை எடுக்கிறேன்" என்றார். அது வெறும் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். பயந்துபோனேன்.

அடுத்த அறுவடை மூட்டைகள் மச்சு ஏறியதும் நானே போய்க் கொத்தனாரை அழைத்து வந்தேன்.

"ஓட்டைன்னு சொல்லித் தொலைக்கிறதுதானே?" என்றார் மாமியார்.

"புது வீட்டுல நின்னுக்கிட்டு ஓட்டைங்கலாமா ஆத்தா?"

மாமியார் மச்சு ஏணியைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மேலே இரண்டு சரிவும் சேரும் மோட்டிலும், கீழே சரிவு முடிகிற இறவாரத்திலும் துவாரம் வேண்டும் என்றார் கொத்தனார். கீழே விட்டால் அணில் வரும் என்று தடுத்தது நான்தான். மோட்டில் மட்டும், மழை இறங்காதபடி மேலே குல்லாய் வைத்த காற்று ஓடு இரண்டு பதித்தார். சூடு குறையவில்லை. உள்ளே வர வழியில்லாத காற்று மேலே எப்படிப் போகும்? அது என் மண்டையில் ஏறவில்லை. அடுத்து, பக்கச் சுவரின் உச்சியில் ஒரு சன்னல் வைக்கச் சொன்னேன். ஊதுவத்தி கொளுத்திப் பார்த்தால், சன்னலில் நுழைந்த காற்று நேரே மோட்டுக்கு ஓடியது. மூட்டைகள் கிடந்த தாழ்வான மூலையில் புகை அசையாமல் நின்றது.

"குறுக்கு வழி கெடைச்சா காத்து சுத்திப் போகுமா தாயி? சன்னல மூடுங்க" என்ற கொத்தனார், பங்குனிக்குள் இறவாரத்தின் இரண்டு பக்கமும் துவாரம் விட்டு, அணிலுக்குக் கம்பி வலை அடித்தார். இப்போது புகை மூட்டைகளைத் தடவிக்கொண்டு, சரிவோடு ஏறி மோட்டில் வெளியேறியது. நெல் அவிக்கிற நாளில் மட்டும், ஆவி சீக்கிரம் போகட்டும் என்று சன்னலையும் திறந்தோம்.

ஆனி வந்தது. பத்துப் பருப்பை முடிந்து வைத்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மெட்ராசிலிருந்த சிநேகிதருக்கு என் கணவர் கடிதம் எழுதியிருந்தார். வரச்சொல்லிப் பதிலும் வந்திருந்தது. துணியை அவரே பிரித்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒம்பது" என்றார். மறுபடியும் எண்ணினார். "ஒம்பதுதான்."

நான் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

"நின்னு அழுதுக்கிட்டிருந்தா ஆச்சா? நாலு மூட்டை கெடக்கு, ஒடைக்க வேணாமா?" என்றார் மாமியார்.

கணவர் முதல் மூட்டையை இறக்கி அவிழ்த்துக் கொட்டினார். கடலை உடைப்பது பெண்கள் வேலை என்று அதுவரை தொட்டதே இல்லாதவர், என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தார்.