ஜோதிமணி ஜெயித்த வாஷிங் மெஷின்

கொடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்பிலிருந்து இறங்குகிற ஒரு சந்தில், போர்வைக் கடைக்கு மேல்மாடியில், ஜோதிமணி பிரவுசிங் சென்டர் நடத்தி வந்தாள். நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாசலில் செருப்பு விட ஒரு மரப்பலகை. அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். கணவன் குமார் டூரிஸ்ட் வேன் ஓட்டினான். வீடு அட்டுவம்பட்டியில்.

இணையத்தில் ஏலம் நடக்கிறது என்பது அவளுக்கு 2008 தொடக்கத்தில் தெரிய வந்தது. ஏதோ ஒரு பக்கத்தின் ஓரத்தில் மின்னிய விளம்பரத்தைச் சொடுக்கியபோது, புத்தம் புது செல்போன் ஒன்று எழுபது ரூபாய்க்கு ஏலத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் நம்பவில்லை. ஆனாலும் மறுநாளும் போய்ப் பார்த்தாள்.

ஊரில் நடக்கிற ஏலத்தில் தோற்றவர்களின் காசு அவர்கள் கையிலேயே இருக்கும். இது அப்படியல்ல. முதலில் பணம் கட்டிக் கேள்விகளை, அதாவது ஏலம் கேட்கும் வாய்ப்புகளை, வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கேள்வி ஐந்து ரூபாய். நாம் ஒரு முறை பட்டனை அழுத்தினால் நம் கேள்வி ஒன்று போகும், பொருளின் விலை பத்துக் காசு ஏறும், கடிகாரம் மறுபடி பதினைந்து விநாடியிலிருந்து ஓடும். அந்தப் பதினைந்து விநாடிக்குள் வேறு யாரும் அழுத்தாவிட்டால் அந்த விலைக்குப் பொருள் நமக்கு. அழுத்திவிட்டால் நம் ஐந்து ரூபாய் போனது போனதுதான்.

ஜோதிமணி மூன்று வாரம் வெறுமனே பார்த்தாள். எந்த நேரத்தில் கூட்டம் குறைகிறது, யார் சீக்கிரம் சலித்துப் போகிறார்கள் என்று கவனித்தாள். விடிகாலை ஐந்தரைக்கு ஆள் குறைவு என்று தெரிந்தது. அதன்பின் வெள்ளனே எழுந்து, குமார் ஸ்டாண்டுக்குப் போகும் வேனிலேயே வந்து, ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய் உட்கார ஆரம்பித்தாள். நான்காவது வாரம் ஒரு டிஜிட்டல் கேமரா இருநூற்றுப் பதினான்கு ரூபாய்க்கு அவள் பெயரில் முடிந்தது.

கூரியரில் கேமரா வந்த அன்று குமார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏ ஜோதி, ஆறாயிரம் ரூபா சாமான். எரநூறுக்கா?"

"எரநூத்திப் பதினாலு."

அவன் அதை அப்படியே ஸ்டாண்டில் போய்ச் சொன்னான். இரண்டே நாளில் பஜார் முழுக்கத் தெரிந்தது. அந்த இருநூற்றுப் பதினான்கு ரூபாய்க்குப் பின்னால் முந்நூற்று ஐம்பது கேள்விகள் போயிருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு வருடத்தில் ஒரு மிக்ஸி, ஒரு கைக்கடிகாரம், இரண்டு பென் டிரைவ் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் அடுக்கினாள். ஒரு எல்சிடி டிவிக்கு மூன்று நாள் விடாமல் கேட்டுத் தொள்ளாயிரம் கேள்விகளை இழந்தாள். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். அலமாரியில் அதற்கு அடையாளம் எதுவும் இல்லை. அலமாரியைப் பார்த்தவர்கள் தாங்களும் கேட்க வேண்டும் என்றார்கள். டிரைவர்கள் வந்தார்கள், லாட்ஜ் பையன்கள் வந்தார்கள். அவர்களிடம் பேங்க் கார்டு கிடையாது. ஜோதிமணி தன் கார்டில் கேள்விகளை வாங்கிக் கொடுத்துக் கையில் காசு பெற்றுக்கொண்டாள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மணிக்கு இருபது ரூபாய் தனி. மழைக்காலத்தில் காலியாகக் கிடக்கும் சென்டர் அந்த வருடம் நிறைந்திருந்தது.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி ரோஷன் பேகம். பஜாரில் பழக்கடை வைத்திருக்கும் சுல்தானின் மனைவி. ஜோதிமணியைவிட ஆறேழு வயது இளையவள். ஆனந்தகிரியில் வீடு. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள்.

"எனக்கு டிவியும் வேணாம் கேமராவும் வேணாங்க்கா," என்றாள் முதல் நாளே. "டிரையர் வச்ச வாஷிங் மெஷின் ஒண்ணு வந்தாச் சொல்லுங்க. ஜூன் பொறந்தா எங்க வீட்ல துணி காயுறதே இல்ல. பிள்ளைக யூனிபாரத்த அடுப்புக்கு மேல கட்டித்தான் காயப் போடுறேன். கிளாஸ்ல பக்கத்துல இருக்கிற பிள்ளைக பொகை நாத்தம்ங்குதாம்."

ஜோதிமணிதான் அவளுக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்தாள். 'ரோஷன்பழம்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். இருவரும் அதற்காகச் சிரித்தார்கள். ஒரு மாதம் பொறுமையாகப் பார்க்கச் சொன்னாள். ரோஷனுக்கு அந்தப் பொறுமை இல்லை. பழகுவதற்கென்று ஒரு இஸ்திரிப் பெட்டியைக் கேட்டாள், ஒரு குக்கரைக் கேட்டாள். முந்நூறு கேள்விகள் போயின.

2009 ஜூலையில் வாஷிங் மெஷின் ஏலத்துக்கு வந்தது. முதல் நாள் இரவு தொடங்கி விடிய விடிய ஓடி, மறுநாள் பதினோரு மணிக்கு விலை முந்நூற்று முப்பது ரூபாயில் நின்றது. ரோஷன் கடையைச் சுல்தானிடம் விட்டுவிட்டு வந்து மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். கணக்கில் இருநூறு கேள்விகள் இருந்தன. வெளியே எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது.

ஜோதிமணி கவுண்டரில் தன் திரையில் அதே ஏலத்தைத் திறந்தாள். வேடிக்கை பார்க்கத்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஐந்து பேர். அரை மணி நேரத்தில் அது மூன்றானது. இவ்வளவு பெரிய பொருளுக்கு இவ்வளவு குறைந்த ஆட்களை அவள் ஒன்றரை வருடத்தில் பார்த்ததில்லை. டிவி போனதிலிருந்து பெரிதாக ஒன்று கைக்கு வரவில்லை என்ற உறுத்தல் அவளுக்கு இருந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை அழுத்தினாள். அடுத்த தடவை அழுத்துவதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவளுடைய பெயர் அங்கே 'குறிஞ்சி12'. ரோஷனுக்கு அது தெரியாது.

பன்னிரண்டரைக்கு மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். திரையில் இரண்டு பெயர்கள் மட்டும் மாறி மாறி வந்தன. ஆறடி தூரத்தில் ரோஷன் முணுமுணுப்பது ஜோதிமணிக்குக் கேட்டது.

"யாரு இந்தக் குறிஞ்சி? விட மாட்டேங்குதே. வேற சோலியே இல்லையா இதுக்கு?"

ஒரு மணிக்கு ரோஷன், பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த லாட்ஜ் பையனை அழுத்தச் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள்.

"அக்கா, இன்னொரு நூறு வாங்கிக் குடுங்க. வெரசா. பத்துதான் மிச்சம் கெடக்கு."

ஜோதிமணி திரையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். நடுநடுவே ஏலத்திலும் அழுத்திக்கொண்டே, தன் கார்டில் நூறு கேள்விகளை ரோஷனின் கணக்குக்கு வாங்கிக் கொடுத்தாள். ரோஷன் ஓடிப் போய் உட்கார்ந்தாள். ஜோதிமணி மறுபடி அழுத்தினாள். எதிராளியிடம் சரியாக எத்தனை மிச்சம் இருக்கிறது என்று தெரிந்து அவள் விளையாடிய ஒரே ஏலம் அதுதான்.

இரண்டு மணிக்குச் சற்று முன் ரோஷனின் கடைசிக் கேள்வியும் தீர்ந்தது. ஜோதிமணி அழுத்தினாள். பதினைந்து விநாடி ஓடி முடிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் முப்பது காசு. குறிஞ்சி12.

"போயிருச்சுக்கா," என்றாள் ரோஷன். பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். மூன்று மணி நேரத்துக்கான அறுபது ரூபாயைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கிப் போனாள். அந்த அறுபது ரூபாயையும் ஜோதிமணி வாங்கிக் கல்லாவில் போட்டாள்.

சாயங்காலம் வீட்டில் குமாரிடம் சொன்னபோது அவன் துள்ளினான். "வாஷிங் மெஷினா! நாளைக்கு ஸ்டாண்டுல..."

"சொல்லாதீங்க."

ஏன் என்று கேட்டான். அவள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். குமார் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தான்.

"லாரியில வந்து எறங்குறப்ப ஊருக்கே தெரிஞ்சிரும். வேற ஆளு சொல்லி அந்தப் பிள்ள காதுல விழுறதுக்கு முந்தி நீயே போய்ச் சொல்லிரு."

நான்கு நாள் அவள் போகவில்லை. ஐந்தாம் நாள் மதியம் சென்டரைப் பூட்டிவிட்டு ஆனந்தகிரிக்கு நடந்தாள். ரோஷன் வீட்டில் அடுப்புக்கு மேலே கொடியில் இரண்டு நீலப் பாவாடைகள் தொங்கின. ரோஷன் டீ போட எழுந்தாள். ஜோதிமணி அவளை உட்காரச் சொன்னாள்.

"அந்தக் குறிஞ்சி நான்தாம்மா."

ரோஷனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கத்தவில்லை.

"நான் ஐந்நூறு ரூவா கொண்டாந்து குடுத்தேனே, அப்பவுமா?"

"அப்பவும்தான்."

"நான் அங்க உக்காந்து பொலம்புனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

ரோஷன் கொடியில் கிடந்த பாவாடையை இழுத்து ஈரம் பார்த்தாள், திருப்பிப் போட்டாள். "உங்களுக்கு வேணும்னா அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்."

"எனக்கு வேணும்னு இல்லம்மா. எங்க வீட்ல ரெண்டே பேரு. என்னால நிறுத்த முடியல, அம்புட்டுத்தான். மெஷின் வந்ததும் இங்கயே எறக்கச் சொல்றேன். நீ வச்சுக்க."

"வேணாங்க்கா. அதுல துணி போடுறப்பல்லாம் அந்த நெனப்புத்தான் வரும்."

ஜோதிமணி வற்புறுத்தவில்லை. டீ குடிக்காமலே திரும்பினாள்.

மெஷின் வத்தலக்குண்டிலிருந்து லாரியில் மேலே வந்தது. உறையைப் பிரிக்காமல் நாயுடுபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு ஆறாயிரத்து ஐந்நூறுக்கு விற்றாள். மூவாயிரத்தை எடுத்துக்கொண்டு பழக்கடைக்குப் போனாள். ரோஷன் இதுவரை இழந்த அறுநூறு கேள்விகளுக்கும் அது சரி. ரோஷன் எண்ணிப் பாதியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இஸ்திரிப் பெட்டியும் குக்கரும் நானாத் தோத்தது. அது என்னோட. அன்னைக்குப் போனது மட்டும் போதும்."

பக்கத்தில் பேரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்த சுல்தான் நிமிரவில்லை. வந்தவளை வாங்க என்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் டிரைவர் திருமலைச்சாமி நூறு கேள்வி வாங்க ஐந்நூறு ரூபாயோடு வந்தான். ஜோதிமணி வாங்க மறுத்தாள்.

"ஏங்க்கா, நீங்க மட்டும் ஜெயிக்கணுமா?"

"இங்க உக்காரு தம்பி. நான் ஜெயிச்சதத்தான் உங்ககிட்டல்லாம் சொன்னேன். தோத்தத இப்பச் சொல்றேன், கேளு." டிவிக்குப் போன நாலாயிரத்து ஐந்நூறைச் சொன்னாள். கேமராவுக்கு மொத்தமாகப் போனதைச் சொன்னாள். ஒரு தாளை எடுத்து அந்த வாஷிங் மெஷினுக்கு எல்லோருமாகச் சேர்ந்து எத்தனை முறை அழுத்தியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். தடவைக்குப் பத்துக் காசு என்றால் நாலாயிரத்துச் சொச்சம் தடவை. ஒன்பதாயிரம் ரூபாய் மெஷினுக்கு, ஏலம் நடத்துகிற கம்பெனிக்கு இருபதாயிரத்துக்கு மேல் வந்திருந்தது.

திருமலைச்சாமி தாளை வெகுநேரம் பார்த்தான். "இத மொதல்லயே சொல்லியிருந்தா யாரு வந்திருப்பா?" என்று கேட்டுவிட்டு ஐந்நூறைச் சட்டைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டான். கேட்ட ஒவ்வொருவருக்கும் அவள் அதையே சொன்னாள். ஆகஸ்ட் முழுக்க நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. போர்வைக் கடைக்காரருக்கு அந்த மாத வாடகையை இரண்டு தவணையாகக் கொடுத்தாள்.

அவள் உடனே விட்டுவிடவில்லை. செப்டம்பரில் இரண்டு நாள் விடிகாலையில் போய் உட்கார்ந்தாள். ஒரு பென் டிரைவுக்குக் கேட்டாள். எதிரே வந்த பெயர்களைப் படிக்கப் படிக்க, இந்தப் பெயருக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த ஊரில் என்று மனம் ஓடியது. பாதியில் எழுந்து கூட்டிப் பெருக்கினாள். அதன்பின் காலையில் ஏழு மணிக்கு எழுந்தால் போதும் என்றானது. உடம்புக்கு அது பழக ஒரு மாதம் பிடித்தது.

நவம்பரில் ரோஷன் படியேறி வந்தாள். மூத்த மகளின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும் என்றாள். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் காலியாக இருந்தும் அதில் உட்காரவில்லை. கவுண்டருக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஜோதிமணி நிரப்ப நிரப்ப விவரம் சொன்னாள். வருமானச் சான்று நம்பரை இருமுறை சரிபார்த்தார்கள்.

"துணியெல்லாம்?" என்று ஜோதிமணி கேட்டாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவுக திண்டுக்கல்ல டிரையர் மட்டும் தவணைக்கு எடுத்துட்டாக. மாசம் நானூறு." கொஞ்சம் பொறுத்து, "நீங்க இன்னும் அதுல கேக்குறீங்களாக்கா?"

"இல்லம்மா. அறுவது கேள்வி மிச்சம் இருக்கு. அப்படியே கெடக்கு."

"கெடக்கட்டும்," என்றாள் ரோஷன்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததற்குப் பத்து ரூபாயை நீட்டினாள். ஜோதிமணி வாங்கிக்கொண்டாள். டிசம்பரில் ஒரு நாள் அந்த மிச்சக் கேள்விகளைப் பார்க்கப் போனபோது ஏலப் பக்கம் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து முயன்றபோதும் திறக்கவில்லை. அவள் மூன்றாவது முறை முயலவில்லை. அன்று ரயில் டிக்கெட் எடுக்க ஆள் வந்திருந்தது.