முறத்து உப்பு

எனக்குக் கோபம் மூக்கின் மேல் வரும். ஊரறிந்த விஷயம் அது. ஆனால் போன தை மாதம் என் பொக்லைன் வண்டியின் ஒற்றை நட்டு என்னைப் படுத்திய பாட்டைப் பார்த்திருந்தால், ஊரே என் பக்கம் சேர்ந்துகொண்டு திட்டியிருக்கும்.

மழைக்காலம் முடிந்துவிட்டால் மரக்காணத்து உப்பளங்களில் எனக்கும் என் மச்சானுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. வண்டி என்னுடையது, வாய் அவனுடையது. மழையில் கரைந்த வரப்புகளை உயர்த்துவோம், தூர்ந்துபோன கால்வாய்களை வாரிக் கொடுப்போம். அந்த முறை, குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்தும் ஓர் அக்கா எங்களைக் கூப்பிட்டிருந்தார். பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தது. அன்றைக்குக் கழிமுகத்தில் தண்ணீர் ஏறும்போது அவருடைய கால்வாய் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுவட்டாரமே உப்பு வாரும்போது அவர் மட்டும் வறண்ட பாத்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முதல் நாள் மாலையே வண்டியின் பின்பக்கம் ஹோஸ் பொருந்தும் இடத்தில் நட்டு லூஸாகி ஆயில் சொட்டியது. முடுக்கினேன். மறுநாள் காலையில் மறுபடியும் சொட்டியது. கழற்றித் துடைத்து, புது ரப்பர் வளையம் போட்டு, ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் முடுக்கினேன். மதியத்துக்குள் திரும்பவும் அதே கதை. ஆத்திரத்தில் டயரை ஓங்கி உதைத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினேன்.

“டயருக்கு ரொம்ப வலிச்சிருக்குமா மாமா?” என்றான் மச்சான்.

அக்கா வந்து பார்த்தார். சத்தம் போடுகிறவர் இல்லை. கால்வாயில் ஆயில் விழுந்தால் அது படலமாகப் பாத்திகளுக்குள் போய்விடும், அந்த உப்பை யாரும் தொட மாட்டார்கள். அவர் கொட்டகைக்குப் போய், ஒரு முறத்தில் போன வருடத்து வெள்ளை உப்பை நிரப்பிக்கொண்டு வந்து, சரியாக அந்த நட்டுக்குக் கீழே வைத்தார்.

“இதுல ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டிய எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி.”

சொல்லிவிட்டாரே தவிர, அவர் முகம் சரியில்லை. இருந்தது ஒன்றரை நாள். மற்ற வண்டிகள் எல்லாம் மற்றவர்களின் அளங்களில் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய ஒரு வருடப் பிழைப்பு என் ஸ்பேனரில் தொங்கியது. 

மறுபடியும் நட்டைக் கழற்றினேன். துணி கேட்டேன். மச்சான் சுத்தக்காரன். முந்தின நாளே துணியைத் துவைத்து வரப்பில் காயப்போட்டிருந்தவன், அதைப் பெருமையாக நீட்டினான். நான் துடைக்கப் போகும்போது அக்கா அதைச் சட்டென்று பிடுங்கினார். கையில் பிடித்தால் மடங்காமல் அப்பளம்போல் நின்றது.

“எந்தத் தண்ணியில தொவைச்ச?”

மச்சான் கால்வாயைக் காட்டினான். வேறு எதைக் காட்டுவான்? கை, கால், டிபன் பாக்ஸ், ஸ்பேனர் என்று அங்கே நாங்கள் எல்லாவற்றையும் கழுவுவது அந்த உப்புத் தண்ணீரில்தான்.

“உப்பு எங்கெங்க போயி ஒக்காரும்னு எனக்குத் தெரியும் தம்பி. நீங்க தொடைக்கல. உள்ள உப்பு தூவி மூடுறீங்க.”

விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். நறநறத்தது. முடுக்கும்போது அந்தப் பொடியின் மேல் நட்டு இறுகி நிற்கும், வண்டி அதிர அதிரப் பொடி நொறுங்கும், நட்டு லூஸாகும். இத்தனை வருடமாக வண்டி செய்த கம்பெனிக்காரனையல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்! எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அக்கா தன் குடிதண்ணீர் கேனைத் தூக்கி வந்தார். சாயங்காலம் வரை அவருக்கு இருந்தது அதில் பாதிக் கேன்தான். வேண்டாம் என்று நான் தடுப்பதற்குள் நட்டின் மேல் கவிழ்த்துவிட்டார். கஞ்சித் தூக்குவாளியைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கொடுத்தார், வீட்டில் துவைத்தது. ஈரம் போகத் துடைத்து, ஆயில் தடவி முடுக்கினேன்.

அதன்பிறகு என் ஒரு கண் மண்ணில், ஒரு கண் முறத்தில். வண்டி நகரும்போதெல்லாம் மச்சான் முறத்தைச் சீர்வரிசைத் தட்டுபோல் ஏந்திக்கொண்டு பின்னாலேயே வந்தான். அன்று மாலை உப்பு வெள்ளையாகவே இருந்தது. மறுநாள் கடைசி மண்ணை வாரிப் போட்டபோதும் வெள்ளைதான்.

பௌர்ணமியன்று தண்ணீர் நுரைத்துக்கொண்டு கால்வாயில் ஏறியது. மச்சான் செருப்போடு உள்ளே குதித்துவிட்டான். நான் பெற்ற பிள்ளையே பள்ளிக்கூடம் போவதைப் பார்ப்பதுபோல அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

அக்கா தண்ணீரின் பக்கமே திரும்பவில்லை. வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். இரண்டு நாளாக என் வண்டிக்கு அடியில் கிடந்த அந்த முறத்திலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துக் கஞ்சியில் போட்டார். விரலால் கலக்கி, நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.