பாப்பா அழுதா எரியுற விளக்கு

கேமரா, செல்போன்ல அமுக்குனா எரியுற லைட்டு, இதையெல்லாம் வீடு வீடாப் போய் மாட்டுறது நம்ம தொழில்; மாட்டுறது அரை நாள், அது நின்னு போனா பேச்சு வாங்குறது ஆயுசு முழுக்க. உங்க வீட்டுச் சுவத்துலயும் கம்பெனி கைவிட்ட டப்பா ஒண்ணு சும்மா தொங்கிக்கிட்டிருக்கும். அதனால என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

சார் வீட்டு ஃபேன்

நான் நம்பி மாட்டிக்கிட்டிருந்த கம்பெனி ஒண்ணு கடையைக் கட்டிருச்சு. மெயில் அனுப்புனாங்களாம். அதை யாரு பார்த்தா? மொத போன் தல்லாகுளத்துல இருந்து, ரிட்டயர்டு ஆபீசர் ஒருத்தர். "ஃபேன் செத்துப் போச்சுப்பா"ன்னார். அடிச்சுப் பிடிச்சுப் போய், சுவத்துல இருந்த சுவிட்சைத் தட்டினேன். ஜம்முனு ஓடுச்சு.

"சார், ஃபேன் நல்லாத்தான் இருக்கு. செல்போன்ல சொன்னா ஓடுறதுக்கு அவங்க கம்ப்யூட்டர் ஒண்ணு எங்கயோ ஓடிக்கிட்டிருந்துச்சு. அதை நிறுத்திட்டாங்க. இனிமே எந்திரிச்சு வந்துதான் போடணும்"னேன். மனுஷன் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் கேட்டார்: "என் வீட்டுல, என் கரண்டுல ஓடுற ஃபேனை நிறுத்த அவன் யாருய்யா?"

மாடியில காயப்போட்ட துணி

அதை நெனச்சுச் சிரிச்சுக்கிட்டே வண்டியை எடுத்தவனுக்கு, பாதி வழியில முருகேஸ்வரி நெனப்பு வந்துச்சு. வண்டியை நேரா அங்க விட்டேன். திருப்பரங்குன்றத்துல எங்க கடைக்குப் பின்தெருதான் அது வீடு. அந்தப் புள்ளைக்கும் அது புருஷன் பாண்டிக்கும் பொறந்ததுல இருந்தே காது கேக்காது. பாண்டி ஒரு தையல் கடையில வேலை பார்க்குறான். காலையில போனா பொழுது சாயத்தான் வருவான். கைக்குழந்தை யாழினியோட இது மட்டும் வீட்டுல. குழந்தை அழுதா அடுப்படி விளக்கு மினுக்கி, செல்போனும் அதிர்ற மாதிரி ஒரு டப்பா மாட்டிக் கொடுத்திருந்தேன். கேட்ட சத்தம் குழந்தை அழுகைதான்னு கண்டுபிடிச்சுச் சொல்றது அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர். அதுதான் இப்ப இல்லையே!

போனப்ப முருகேஸ்வரி கூடத்துல தொட்டிலைப் பார்த்த மாதிரி உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்துச்சு. கண்ணு செவந்திருந்துச்சு, அது வெங்காயத்தால இல்ல. செல்போன்ல டைப் அடிச்சு நீட்டுச்சு: "நேத்து மாடியில துணி காயப்போட்டுட்டு வாரேன், பாப்பா அழுது அழுது மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்குறா. எம்புட்டு நேரம் அழுதாளோ தெரியலண்ணே."

தக்காளி வண்டிக்கும் எரியும்

இன்டர்நெட்டே வேண்டாம்னு, சத்தம் கேட்டா விளக்கு எரியுற சுவிட்ச் ஒண்ணு வாங்கிட்டுப் போய் மாட்டினேன். முருகேஸ்வரி கையைத் தட்டிப் பார்த்துச்சு. எரிஞ்சுச்சு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பெரிய சாதனை பண்ணிட்ட மாதிரி மீசையை முறுக்கிட்டு வந்துட்டேன்.

மறுநாளே "வாங்க"ன்னு மெசேஜ். போய்ப் பார்த்தா விளக்கு நிக்காம மினுக்குது. பாவம், முருகேஸ்வரி ஒவ்வொரு தடவையும் தொட்டிலுக்கு ஓடுது. குழந்தை பாட்டுக்குத் தூங்குது. நான் பக்கத்துல நின்னு ஒண்ணொண்ணா டைப் அடிச்சுக் காட்டினேன்: இது பஸ் ஹாரன். இது தக்காளி வண்டி மைக்கு. இது எதுத்த வீட்டு குக்கர். இது பக்கத்து வீட்டு மாமியா மருமக சண்டை. கண்ணை அகல விரிச்சு வாசிச்சுட்டு அது திருப்பி அடிச்சுச்சு: "இம்புட்டுச் சத்தத்துல நீங்கள்லாம் எப்படிண்ணே உசுரோட இருக்கீங்க?"

வளையல்ல ஒரு நாடா

குழந்தை அழுகையை மட்டும், எவன் தயவும் இல்லாமச் சொல்ற சாமான் ஏதாவது கிடைக்குமான்னு தெரிஞ்ச கடையிலெல்லாம் கேட்டேன். கிடைக்கல. ஒரு வாரம் கழிச்சு, இல்லைன்னு சொல்லவும் அந்தப் பைத்தியக்காரச் சுவிட்சைக் கழட்டவும் போனேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு படியிலயே கொஞ்ச நேரம் நின்னேன்.

உள்ள போனா முருகேஸ்வரி அடுப்படியில டீ போடுது, முகத்துல ஒரு கவலையும் காணோம்! கூடத்துல தொங்குற சேலைத் தொட்டில்ல இருந்து நீளமா ஒரு நாடா, ஜன்னல் கம்பி வழியா அடுப்படிக்குப் போய், அந்தப் புள்ளையோட இடது கை வளையல்ல முடிஞ்சிருந்துச்சு. பழைய சேலையைக் கிழிச்சு பாண்டி தச்சுக் கொடுத்தானாம். பிள்ளை அசைஞ்சா தொட்டில் ஆடும், தொட்டில் ஆடுனா வளையல் இழுக்கும். ஸ்குரூ டிரைவரை எடுத்தேன், கையை ஆட்டித் தடுத்துருச்சு. அந்தச் சுவிட்ச் இருக்கட்டுமாம், தக்காளி வண்டி வந்தா தெரியுதாம்.

தொட்டிலை ஒட்டி உக்காந்து செல்போனை நோண்டிக்கிட்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்ல. திடீர்னு முருகேஸ்வரி கையைத் துடைச்சுக்கிட்டே வந்து குழந்தையைத் தூக்குச்சு. யாழினி முழிச்சுக்கிட்டு, அழலாமா வேண்டாமான்னு உதட்டைப் பிதுக்கிக்கிட்டிருந்தா. அம்மா தோள்ல சாஞ்சதும் அந்த உதடு சிரிச்சிருச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நான் முழிக்கிறதைப் பார்த்து, முருகேஸ்வரி ஒரு கையால டைப் அடிச்சுக் காட்டுச்சு: "பக்கத்துலயேதான இருக்கீங்க, அவ கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலையாண்ணே?"

இப்பல்லாம் எந்த வீட்டுல எதை மாட்டப் போனாலும், கம்பெனி கையை விட்டா பிடிச்சுக்க ஒரு முழம் பழைய சேலை இருக்கான்னு கேட்டுட்டுத்தான் சுவத்துல ஓட்டையே போடுறேன்.