பயிற்சிக்காக வைத்த கோப்பு

இந்தத் தொழிலில் இருபது வருஷத்தைத் தள்ளியாயிற்று. புதிதாக எழுதுவதில் எனக்கு அலுப்பு வந்ததில்லை. பழையதைத் துடைத்து எடுப்பதற்குள்தான் உயிர் போய்விடுகிறது. ஜாவாவில் எழுதிய ஒரு செயலியை சர்வரில் ஏற்றினால், அது எந்தத் தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்க வேண்டும் என்று சொல்லும் சின்னக் கோப்பு ஒன்று வேறொரு ஃபோல்டரில் தனியாகக் கிடக்கும். செயலியை அழித்தாலும் அது போகாது. பின்னால் அதே பெயரில் புதிய செயலி வந்தால், சர்வர் புதியதற்குள் இருப்பதை விட்டுவிட்டு அந்தப் பழைய கோப்பின் பேச்சைத்தான் கேட்கும். பத்து வரிகூட இருக்காது அதில்.

எங்கள் ஆபீஸ் தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேலே மூன்றாவது மாடி. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர்: வலியசாலையிலிருந்து போகும் நானும், ஸ்ரீவராகத்திலிருந்து வரும் அவளும். நான் செயலியை ஏற்றுவேன். அவள் சோதித்துவிட்டுச் சரி என்பாள். மத்தியானம் டப்பாவைத் திறந்ததும், பாதி மலையாளமான எங்கள் தமிழில் ஊர்வம்பெல்லாம் பேசித் தீர்ப்போம். நான் நிரந்தரம். அவள் ஒப்பந்தத்தில் இருந்தாள். அதைப் புதுப்பிக்கிற மாதம் அது.

ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகள் வீட்டிலிருந்தே டாக்டருக்கு முன்பதிவு செய்கிற செயலி. புதிய பதிப்பை ஞாயிற்றுக்கிழமை ஏற்றினோம். பழைய சர்வர் மந்தமாகிவிட்டதால், இதே செயலியில் ஊழியர்களைப் பழக்க முன்பு வைத்திருந்த பயிற்சி சர்வரில் ஏற்ற முடிவாயிற்று. அன்றைக்கு ராகுகாலம் நாலரைக்கு.

"ராகுகாலத்தினு மும்பே தீர்க்கணும், கேட்டோ" என்று மேனேஜர் மூன்று தடவை வந்து சொல்லிவிட்டார். நாலு பத்துக்கு, பழைய கோப்பு ஏதாவது கிடக்கிறதா என்று அந்த ஃபோல்டரை ஒருமுறை திறந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். பார்க்கவில்லை. சர்வரை ஓடவிட்டேன். அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். பக்கங்கள் திறந்தன, டாக்டர்களின் பெயர்கள் வந்தன. எல்லாம் சரி என்று மெயில் அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே சத்தம். இரண்டு வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போன எலும்பு டாக்டருக்கு ஆட்கள் முன்பதிவு செய்திருக்கிறார்கள். நெடுமங்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு பெரியவர், வீங்கிய முழங்காலோடு பூட்டிய அறை முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

அந்த ஃபோல்டரைத் திறந்தேன். கோப்பு இருந்தது. பழைய டாக்டர்கள் அத்தனை பேரும் இருக்கிற பயிற்சித் தரவுத்தளத்தைத்தான் அது காட்டிக்கொண்டிருந்தது. முதல் வரியில், பயிற்சிக்காக மட்டும், முடிந்ததும் நீக்கவும் என்று ஒரு குறிப்பு. கீழே என் பெயர். நானே எழுதியது. அழித்தேன். சர்வரை மறுபடி ஓடவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் ஒழுங்காயிற்று.

மத்தியானம் கூட்டம். மேனேஜர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஆரா செக் செய்தது?"

அவள் கையைத் தூக்கினாள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வீட்டுக் கடன், பையனின் காலேஜ் என்று காரணங்கள் சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் அலுப்பு. இன்னொரு விளக்கம், இன்னொரு மெயில், இன்னொரு ஏச்சு, எதற்கும் தெம்பில்லை. அவ்வளவு கேவலமான காரணம்தான். சோதனையில் குறை என்று ஆஸ்பத்திரிக்கு அவள் பெயரோடு அறிக்கை போயிற்று.

சாயங்காலம் படி இறங்கும்போது அவள் பாதியில் நின்றாள்.

"அண்ணா, அந்த ஃபைலை நீங்க திறந்தப்போ நான் பின்னாடிதான் நின்னுண்டிருந்தேன்."

 "பின்னே ஏன் மீட்டிங்கில சொல்லலை?" என்றேன்.

"நீங்க சொல்லுவேள்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் திரும்ப மூன்று மாடி ஏறினேன். மேனேஜர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். கோப்பு என்னுடையது, நீக்காமல் விட்டது நான், அவள்மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவர் வாட்சைப் பார்த்தார்.

"மெயில் போயல்லோ. இனி அது விட்டுகள."

போனது போயிற்று, விட்டுத்தள்ளு என்கிறார். அறிக்கையைத் திருத்தி இன்னொரு மெயில் அனுப்புங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். சரி சார் என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். "சொன்னேளா?"

"சொன்னேன்" என்றேன். அது பொய்யில்லை. அவள் முகம் சட்டென்று தெளிந்தது. தாங்க்ஸ் என்றுகூடச் சொன்னாள். அந்த மாதக் கடைசியோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.