மதாம் நஜ்லாவின் திரையில் ஒரு கறை

நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்று சொல்லமாட்டேன். என்மேல் எனக்கே நம்பிக்கை குறைவு. அதனால்தான் எந்த வேலைக்குப் போனாலும் நேரம் போட்டுக் குறிப்பெழுதுவேன். கீழே உள்ள நேரங்கள் அந்த நோட்டில் இருப்பவை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் நிஷான். பெய்ரூத்தில் பகலில் ரிப்பேர் கடை, மாலையில் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு. போன மார்ச் மாதம் அதே ஊரின் பதாரோ பகுதியில் மதாம் நஜ்லா வீட்டுக்குப் போனேன். நிலவறையில் அவருடைய கணவர் கட்டிய சினிமா அறை. ஜன்னல் கிடையாது. நடுவில் பன்னிரண்டு வருஷப் பழைய புரொஜக்டர்.

"படத்துல ஒரு கறை விழுது ராசா. நீயே பாரு." அவர் உள்ளே வரவில்லை.

"தூசியா இருக்கும் மதாம்."

"தூசி ஒரு வருஷமா அசையாம உட்கார்ந்திருக்குமா?" சிரித்தார். "கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்ல. செருப்ப முட்டுக் கொடுத்திருக்கேன், தட்டிவிட்றாத. உள்ள கத்தினா வெளிய கேக்காது. நான் காபி கொண்டு வரேன்."

3:55. இயந்திரத்தைப் போட்டேன். வகுப்பில் சொன்ன முதல் விதி: மூடியைத் திறந்து விளக்கைக் கண்ணால் பார். படம்தான் வருகிறதே என்று விட்டுவிட்டேன்.

4:05. வெறும் வெள்ளைப் படம். திரையின் வலது ஓரத்தில், கதவுப் பக்கம், தலையணை அளவுக்குச் சாம்பல் நிறக் கறை. லென்ஸைத் துடைத்தேன். கறை அப்படியே இருந்தது.

4:20. இயந்திரத்தை ஒரு சாண் நகர்த்தினேன். படம் நகர்ந்தது. கறை நகரவில்லை. அப்படியானால் கோளாறு திரையில்தான். போய்த் துடைத்தேன். துணியில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

திரும்பி வந்து பார்த்தேன். கறை நடுவில் இருந்தது. பெரிதாகியிருந்தது. ஓரங்கள் மங்கியிருந்தன.

4:31. நான் ஏதோ தப்பாகப் பார்க்கிறேன் என்று கையை வைத்துச் சோதித்தேன். திரைக்கு அருகில் கையின் நிழல் சிறியது, கூர்மையானது. லென்ஸுக்கு அருகில் பெரியது, மங்கலானது.

அது கறை இல்லை. நிழல்.

தலை. தோள்கள்.

பெரிதாகிக்கொண்டே வந்தது... அதாவது, லென்ஸை நோக்கி வந்தது. லென்ஸுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். எனக்கும் திரைக்கும் நடுவில் வெறும் நாற்காலிகள்தான்.

'தட்'. முட்டுக் கொடுத்த செருப்பு நழுவிக் கதவு சாத்திக்கொண்டது.

4:41. 'டப்'. கும்மிருட்டு. புரொஜக்டருக்குள் சுற்றும் விசிறியின் சத்தமும் நின்றது.

செல்பேசி மேலே வீட்டில், கழற்றி மாட்டிய கோட்டின் பையில். கைக்கடிகாரத்தின் முள் மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

4:47. வெளிச்சம் வந்தது. சூடான விளக்கு ஆறாமல் மறுபடி எரியாது. இது சட்டென்று எரிந்தது. விசிறி மட்டும் சுற்றவில்லை...

திரை பளிச்சென்ற வெள்ளை. நிழலே இல்லை.

அப்பாடா என்றிருந்தது.

பிறகுதான் உறைத்தது.

லென்ஸுக்கு முன்னால் இல்லை என்றால்...

பின் வரிசையில் ஒரு நாற்காலி... க்ரீச்... யாரோ எழுந்த சத்தம்.

ஓடினேன்.

திரையில் என் நிழல் ஓடியது.

அதற்குப் பின்னால் இன்னொன்று.

கதவை அறைந்தேன். அறைந்தேன்...

திறந்தது. கையில் டார்ச்சுடன் மதாம்.

"இருட்டுல என்ன பண்ற? வாஷிங் மெஷின போட்டுத் தொலைச்சேன், லோடு தாங்காம ஜெனரேட்டர் லைன் ஸ்விட்ச் விழுந்துடுச்சு. தூக்கி விட வாட்ச்மேன் இன்னும் வரல."

"கரண்ட்... வந்துடுச்சே மதாம்?"

"எங்க வந்துச்சு?"

திரும்பிப் பார்த்தேன். அறை முழுக்க இருட்டு.

அன்று வேலையை அதோடு விட்டுவிட்டேன். "கடையில வெச்சுப் பாரு ராசா," என்று மதாமே புரொஜக்டரைத் தூக்கி வந்து என் வண்டியில் வைத்தார்.

மறுநாள் காலை 9:10. மூடியைத் திறந்தேன். விளக்கு இருக்க வேண்டிய இடம் காலி. ஒட்டடை மட்டும் இருந்தது.

போன் செய்தேன்.

"பல்பா? எங்க வீட்டுக்காரர் இறந்துபோன அன்னிக்கே நான்தான் கழட்டித் தூக்கிப் போட்டேன். ஒரு வருஷமாச்சு." குரலைத் தாழ்த்தினார். "அப்ப... உனக்கும் தெரிஞ்சுதா?"

"என்ன மதாம்?"

"பல்பு இல்லாமலே படம் விழறத நான் மட்டும்தான் பார்க்கிறேன்னு நினைச்சேன்." பெருமூச்சு விட்டார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். "நேத்து ராத்திரிதான் நிம்மதியா தூங்கினேன். மெஷின நீயே வெச்சுக்க ராசா. திருப்பிக் கொண்டு வராத."

வைத்துவிட்டார். அதன் பிறகு அந்த எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுப்பதில்லை.

புரொஜக்டர் என் கடை அலமாரியில் இருக்கிறது. ப்ளக் செருகவில்லை.

எதிர்ச் சுவரில், கதவுப் பக்கம், தலையணை அளவுக்கு ஒரு கறை. இரண்டு முறை வெள்ளை அடித்துவிட்டேன்.