ஒளியைப் பார்த்துச் சூடு சொல்பவள்

அன்புக்கரசிக்கு வாய் ஓயாது. பெரியநாயக்கன்பாளையத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில், மெஷின் இரைச்சலுக்கு மேலே கேட்கிற ஒரே குரல் அவளுடையதுதான். வாட்ச்மேனிடம் ஆரம்பித்தால் உள்ளே வந்து சேர்வதற்குள் ஊர்க்கதை பாதி முடிந்திருக்கும்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் தோப்பு தோப்பாகப் போய்த் தேங்காய் உரிக்கிற மாசாணத்தின் மூத்த மகள் அவள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியபோது, நர்சிங் சேரச் சொல்லிச் சொந்தபந்தம் மொத்தமும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. பிசிக்ஸ்தான் படிப்பேன் என்று நின்றாள். அவள் பிடித்தால் பிடிதான். எம்.எஸ்சி. முடித்த கையோடு வேலை தேடி, கல்யாணப் பேச்சு வந்தபோதும் வேலையை விடமாட்டேன் என்பதை முதல் பேச்சாகப் பேசினாள். கட்டிக்கொண்ட கதிர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவள் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் பாதி பிசிக்ஸ் வந்துவிட்டது.

கம்பெனி வைரம் வளர்க்கிறது. பம்புக்கு வார்ப்படம் ஊற்றிக்கொண்டிருந்த லட்சுமணசாமி, பிள்ளைகள் தடுத்தும் கேளாமல் இந்தத் தொழிலில் இறங்கினார். எஃகுக் கலனுக்குள் ஹைட்ரஜனையும் கொஞ்சம் மீத்தேனையும் விட்டு மைக்ரோவேவ் பாய்ச்சினால், நடுவில் செந்நிற ஒளி உருண்டை ஒன்று நிற்கும். அதைப் பிளாஸ்மா என்பார்கள். அதன் அடியில் வைத்த வைரச் சில்லுகள் மேல் படலம் படலமாக வைரம் ஏறும். வாயுவின் சூடு குறைந்தால் கல் வளராது, எல்லை மீறினால் விரிசல் விடும். சூட்டை அளக்கலாம் என்று எதை உள்ளே விட்டாலும் அது உருகிப்போகும்.

அதனால் அன்புக்கரசி வெளியிலிருந்தே அளந்தாள். ஆராய்ச்சிக்காரர்கள் வெகு காலமாகச் செய்வதுதான். இந்தக் கம்பெனிக்கு அதைக் கொண்டுவந்தது அவள். கலனின் ஜன்னலுக்கு எதிரே சுண்டுவிரல் பருமனில் ஒரு லென்ஸ். அதில் விழும் ஒளியைப் பிரித்துக் கம்ப்யூட்டரில் கோடு கோடாகக் காட்ட ஒரு கருவி. ஹைட்ரஜன் மூலக்கூறுகள் சுழன்றபடியே ஒளி விடுகின்றன. சூடு ஏற ஏற வேகமாகச் சுழல்பவை பெருகும். ஆரஞ்சு நிறத்தில் நெருங்கி நிற்கும் கோடுகளில் சிவப்பை ஒட்டியவை பளிச்சென்று எழும்பும். கோடுகளின் பிரகாசத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் சூடு தெரிந்துவிடும்.

லட்சுமணசாமிக்கு முதலில் இது வெறும் கேலி. "ஏன் அம்மணி, உன்ற ஜோசியம் இன்னைக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார். பிறகு ஒரு தடவை, சூடு சரிகிறது என்று அவள் சொன்ன மறுநாள் மைக்ரோவேவ் பழுதாகி நின்றது. அதிலிருந்து சிரிப்பு குறைந்தது.

ஆர்.எஸ்.புரத்து நகைக்கடை ஒன்றின் முதல் ஆர்டர் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. மெஷினை நிறுத்த முடியாது என்பதால் ஓட ஓடவே பூஜை. லட்சுமணசாமி தட்டோடு சுற்றிவந்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். தண்ணீர் கேனுக்குக்கூட வைத்தார். லென்ஸைக் கண்டுகொள்ளவே இல்லை. அன்புக்கரசிக்குச் சுருக்கென்றது. எல்லோரும் பொரிகடலை வாங்கப் போனதும், தானே சந்தனமும் குங்குமமும் குழைத்து லென்ஸின் குழாய் மேல் அழகாக ஒரு பொட்டு வைத்தாள். ஈரக் குங்குமம் கண்ணாடிமேல் வழிந்தது. துப்பட்டா நுனியால் ஒற்றித் துடைத்துவிட்டு அவளும் பொரி தின்னப் போனாள். பூஜை நாளில் அதற்கப்புறம் யாரும் திரைப் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை அவள் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள், உடன் வேலை பார்க்கும் ஃபர்சானா வாசலுக்கே ஓடிவந்தாள். "அக்கா, சூடு கண்டபடி ஏறிக் கெடக்குதுங்க. ஐயா நிறுத்தப் போறாருங்க."

உள்ளே லட்சுமணசாமி சுவிட்சில் கை வைத்தபடி நின்றார். முகம் வெளுத்திருந்தது. "உன்ற லைட்டு சொன்னா சரியாத்தான் இருக்கும் கண்ணு. நிறுத்திப்போடறேன்."

இந்த ஒரு பேச்சுக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். சந்தோஷப்படத்தான் முடியவில்லை. பாதியில் நிறுத்தினால் கல்லுக்குள் கோடு விழும், கடைக்காரர் திருப்பிவிடுவார், முதல் ஆர்டரே போய்விடும். நிஜமாகவே சூடு ஏறியிருந்து நிறுத்தாமல் விட்டால் கல்லே போய்விடும்.

"ஒரு நிமிசம் இருங்க ஐயா," என்றாள். ஒளி உருண்டை நேற்றுப் பார்த்த அளவில்தான் நின்றது. வாயுவை விட்டுக் கல்லின் சூட்டை மட்டும் வெளியிலிருந்து காட்டும் மீட்டரில் மாற்றமில்லை. கலனைக் குளிர்வித்து வெளியேறும் தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தாள், வழக்கமான வெதுவெதுப்புதான். கடைசியாக லென்ஸைப் பார்த்தாள். கண்ணாடி முழுக்க மெல்லிசாகச் சிவப்புப் பூசியிருந்தது. சிவப்பை ஒட்டிய கோடுகளை மட்டும் அது தாராளமாக விட்டு, மற்றவற்றை மங்கவைத்திருக்கிறது.

ஃபர்சானாவுக்கே தெரியாமல் துடைத்துவிடலாம். திரையில் சூட்டின் எண் இறங்கிவிடும், கருவி தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த யோசனையும் வந்தது, போனது.

"ஐயா, என்ற தப்புதானுங்க. நேத்து நீங்க இதுக்குப் பொட்டு வெக்கலீங்க. மனசு கேக்காம நானே வெச்சுப்போட்டேன். குங்குமம் கண்ணாடில அப்பிருச்சுங்க. அதனாலதான் சூட்டைக் கூட்டிக் காட்டுது."

லட்சுமணசாமி லென்ஸையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"அப்ப ஓடட்டுமா?"

"ஓடட்டுங்க."

அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

அன்புக்கரசி பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். திரையில் சிவப்புப் பக்கத்துக் கோடுகள் தணிந்தன, எண் மளமளவென்று இறங்கிப் பழைய இடத்தில் வந்து நின்றது. "பாருங்க ஐயா," என்று திரும்பினாள்.

அங்கே ஆளைக் காணோம். வாசல் பக்கமிருந்து, "மூணு டீ, ஒண்ணு சக்கரை கம்மியா," என்று அவர் குரல் கேட்டது.

"நீங்க சொன்னதுமே போயிட்டாருங்க அக்கா. நீங்க தொடைக்கறதைக்கூடப் பாக்கலீங்க," என்றாள் ஃபர்சானா.

டீ வருவதற்குள் அன்புக்கரசி வாட்ச்மேனிடம் இந்தக் கதையில் பாதியைச் சொல்லி முடித்திருந்தாள்.